கோடை என்னும் சொல்



பங்குனி மாதம் பிறந்துவிட்டால், வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு சொல் அடிக்கடி வழங்கத் தொடங்கும். 'கோடை' என்பதே அச்சொல். "கோடை வந்துவிட்டது, புதிதாக ஒரு மண்பானை வாங்க வேண்டும்" என்பார் ஒருவர். "கோடை விடுமுறைக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்றா?" என்று கேட்பார் மற்றொருவர். தில்லியில் இருப்பவரும் இச்சொல்லையே சொல்கிறார்; மும்பையில் இருப்பவரும், கொல்கத்தாவில் இருப்பவரும், பெங்களூரில் இருப்பவரும் இதனையே சொல்கின்றனர். ஆயினும், இந்நால்வரும் ஒரே பொருளில்தான் இச்சொல்லை ஆளுகின்றனரா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. ஒருவருடைய கோடை ஏப்ரலில் உச்சத்தை அடைகிறது. மற்றொருவருடைய கோடை ஜூனில் அடைகிறது. ஒருவரை அது வறுத்தெடுக்கிறது, மற்றொருவரை அவித்தெடுக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அகராதியைத் திறந்தால் ஆங்கிலேயரின் 'சம்மர்' என்ற சொல்லுக்கு நேராகக் 'கோடை' என்று இருக்கும். எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். ஆனால் பருவங்களின் பெயர்கள் அவ்வளவு எளிதாக நாடு மாறுபவை அல்ல. ஷேக்ஸ்பியர் தம் பதினான்கடிப் பாக்களுள் பதினெட்டாவதில், தம் அன்புக்குரியவரைக் கோடைக்கால நாளோடு ஒப்பிடலாமா என்று கேட்கிறார். அந்நாட்டில் அது புகழ்ச்சி. மெல்லிய வெயில், மலர்ந்த பூக்கள், நீண்ட பகற்பொழுது, இவையே அவர் கண்ட கோடை. அதனை அப்படியே தமிழில் பெயர்த்து இராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், "பாவம், அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்?" என்றுதான் கேட்பார். இரு சொற்களும் ஒரே பருவத்தின் பெயர்களே. எனினும் ஒன்று ஒரு நாட்டின் இன்பத்தைச் சுமந்து நிற்கிறது. மற்றது வேறொரு நாட்டின் துன்பத்தைச் சுமந்து நிற்கிறது.

ஆகையால், கோடை என்ற சொல் எங்கே பிறந்தது, எதனைக் குறித்தது, இன்று நாம் வாழும் இடங்களில் எதனைக் குறிக்க வேண்டும் என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையைக் கருத வேண்டும். கோடை என்பது தமிழில் காலத்தின் பெயராக மட்டும் இருந்ததன்று. அது ஒரு காற்றின் பெயர். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுகளுக்கும் தனித்தனிப் பெயர் இட்டு வழங்கினர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இந்நான்கனுள் தென்றலை நாம் மறக்கவில்லை. வாடையும் ஓரளவு நினைவில் இருக்கிறது. கொண்டல் என்றால் இன்று பலருக்கு மேகமே நினைவுக்கு வரும். கோடை என்றாலோ காற்று என்ற நினைவே வருவதில்லை. ஆயினும் நிகண்டுகளும் சரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் சரி, மேல்காற்று என்னும் பொருளைத் தவறாமல் தருகின்றன. சங்கப் பாடல்களில் மரங்களை உலுக்கிக் காய்களையும் நெற்றுகளையும் உதிர்ப்பது பெரும்பாலும் இந்தக் கோடைக்காற்றே.

மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் வெம்மைக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை நம் நாட்டின் மலையமைப்பிலே இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரையெல்லாம் கேரளத்தில் மழையாகப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து தமிழ்நாட்டுச் சமவெளியில் இறங்கும்போது அது வறண்ட காற்று. இறங்க இறங்க வெப்பமும் ஏறுகிறது. காய்ந்த நிலத்தின்மீது நெடுந்தூரம் ஓடிக் கிழக்குக் கரையை அடையும்போது அது அனலாகவே ஆகிவிடுகிறது. சென்னையில் வாழ்ந்தவர்கள் இதனை நன்கு அறிவர். பிற்பகலில் கடற்காற்று உரிய நேரத்தில் வந்துவிட்டால் அந்நாள் பிழைத்தது. மேல்காற்று வலுத்துக் கடற்காற்றை உள்ளே வர விடாமல் தடுத்துவிட்டால், அன்று வெப்பமானியில் பாதரசம் எங்கோ போய் நிற்கும். 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து மக்கள் ஆறுதல் கொண்ட பிறகு நேர்ந்தது அது. பஞ்சாங்கம் சூரியனைக் கணக்கிடுகிறது. கோடை என்று பெயரிட்டவரோ காற்றைக் கணக்கிட்டார்.

இதே சொல்லின் உறவு மலைக்கு அப்பால் என்ன ஆயிற்று என்பதையும் காண்போம். மலையாளத்தில் 'கோடமஞ்ஞு' என்பது மலைமுகடுகளில் கவியும் மூடுபனி. 'கோட' என்றாலே மலையாளிகளுக்குக் குளிர்ச்சி நினைவுக்கு வரும். நமக்கு அனலாக இருக்கும் சொல் அவர்களுக்குப் பனியாக இருப்பது ஏன்? காற்று ஒன்றே, மலையும் ஒன்றே. அம்மலையின் இந்தப் புறமும் அந்தப் புறமும்தான் வேறு. ஈரத்தோடு வந்து மலையைத் தழுவும்போது அது குளிர். ஈரத்தை இழந்து மலையை விட்டு இறங்கும்போது அது வெம்மை. இரு சொற்களும் ஒரே மூலத்தவை எனக் கொண்டால், ஒரு மலைத்தொடர் ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பொருளைக் கொடுத்தது என்று கூறலாம்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் கோடைக்கானல் என்ற பெயரைப் பற்றிய வியப்பும் தணியும். தமிழ்நாட்டின் குளிர்ந்த ஊர்களுள் ஒன்று வெம்மையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கத்தார் அதனைச் சுருக்கிக் 'கோடை' என்றே சொல்வர். "கோடைக்குப் போய்வந்தோம்" என்றால் குளிருக்குப் போய்வந்தோம் என்று பொருள். கொடிகள் அடர்ந்த காடு என்ற பொருளில் 'கொடிக்கானல்' என்றிருந்து இவ்வாறு ஆயிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், கோடை என்னும் பெயருடைய மலை ஒன்று புறநானூற்றுக் காலத்திலேயே இருந்தது. கடிய நெடுவேட்டுவன் என்பவன் அதன் தலைவனாகக் குறிக்கப்படுகிறான். ஆங்கிலேயர் வந்து மலைவாசம் கண்ட பிறகு வந்த பெயர் அன்று அது.

காற்றின் பெயர் காலத்தின் பெயராக மாறியது இயல்பே. எக்காலத்தில் அக்காற்று வீசுகிறதோ அக்காலமும் அப்பெயர் பெறுகிறது. பிறகு அக்காலத்தில் பெய்யும் மழை கோடை மழை; அக்காலத்து இடி கோடையிடி; அக்காலத்தில் நிலத்தைக் கீறிப்போடும் உழவு கோடை உழவு. இவை ஒவ்வொன்றும் தனிச் சுவை உடையவை. கோடை மழை எதிர்பாராமல் வந்து நிலத்தைக் குளிர்விப்பது. கோடையிடியோ மழையைக் காட்டிலும் முழக்கம் மிகுந்தது. ஆகவேதான் மேடையதிரப் பேசுவோரைக் கோடையிடி என்று பாராட்டும் வழக்கம் எழுந்தது. கோடை உழவு அடுத்த பருவத்தின் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்கும், மண்ணில் மறைந்த பூச்சிகளை வெயிலில் காயவைத்து அழிப்பதற்கும் செய்வது. கோடை உழவருக்கு ஓய்வு நாள் அன்று என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

கோடைக்கு உடன்பிறந்த மற்றொரு சொல் 'வேனில்'. 'வே' என்பது வேதல், எரிதல் எனப் பொருள்படும் வேர். சோறு வேகிறது என்று நாள்தோறும் நாம் சொல்லும் சொல்லே அது. இவ்வேர் தென்னாட்டு மொழிகள் நான்கிலும் பருவத்தின் பெயராகப் படர்ந்திருக்கிறது. தமிழில் வேனில், மலையாளத்தில் வேனல், கன்னடத்தில் பேசிகெ, தெலுங்கில் வேசவி. பெங்களூரிலோ ஐதராபாதிலோ வாழும் தமிழர், அண்டை வீட்டார் கூறும் சொல்லை வேற்றுச் சொல் என்று எண்ண வேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த நெருப்புத்தான் அங்கும் எரிகிறது. வடக்கே செல்லுங்கள். மராத்தியரின் 'உன்ஹாளா', குஜராத்தியரின் 'உனாளோ' இரண்டும் உஷ்ணகாலம் என்னும் வடசொல்லிலிருந்து தேய்ந்து வந்தவை. வங்காளிகள் 'கிரீஷ்ம' என்ற வடசொல்லை ஏறக்குறைய அப்படியே ஆளுகின்றனர். இந்தி பேசுவோர் 'கர்மீ' என்பர். அது வெப்பத்துக்கும் பெயர், வெப்பக் காலத்துக்கும் பெயர். ஆக, இந்திய மொழிகள் பலவும் இப்பருவத்தை வெப்பத்தால் பெயரிட்டன. தமிழும் வேனில் என்று வெப்பத்தால் பெயரிட்டது. அத்தோடு நில்லாமல், கோடை என்று காற்றாலும் பெயரிட்டது.

வேனிலை நம் முன்னோர் இளவேனில், முதுவேனில் என இரண்டாகப் பகுத்தனர். இளவேனில் இன்பத்துக்குரியது. சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை என்றே ஒரு பகுதி உண்டு. மாதவி கோவலனுக்கு மடல் எழுதி அனுப்புவதும், அவன் அதனை ஏற்க மறுப்பதும் அதில்தான். அங்கே வேனில் என்பது தென்றலும் குயிலும் வருகின்ற காலம். எனவே 'ஸ்பிரிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இளவேனில் என்பது பொருந்தும். 'சம்மர்' என்பதற்கு முதுவேனில் ஒருவாறு பொருந்தும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உரையாசிரியர்கள் வகுத்த முறைப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயிலோ மே 4-ஆம் நாளையொட்டித் தொடங்கி 28-ஆம் நாளையொட்டி முடிவது. அதாவது சித்திரைக் கடைசியும் வைகாசி முற்பகுதியும். தலை வெடிக்கும் வெயிலை இளவேனில் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வடநாட்டு முறையை இதனோடு ஒப்பிட்டால் சிக்கலின் தன்மை சிறிது விளங்கும். அங்கே சைத்ர, வைசாக மாதங்கள் வசந்தம். ஜ்யேஷ்ட, ஆஷாட மாதங்கள் கிரீஷ்மம். மாதப் பெயர்கள் நம்முடையனவற்றோடு ஒத்திருப்பினும், அவர்களுடைய சைத்ரம் ஹோலிப் பண்டிகை முடிந்ததும் பிறந்துவிடுகிறது. நம் சித்திரை ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. பெயர் ஒன்றாயினும் நாட்கள் ஒன்றல்ல. இன்றைய வானிலைத் துறையினர் இன்னொரு கணக்கு வைத்திருக்கின்றனர். மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களே அவர்களுக்குக் கோடை. ஜூன் முதல் நாளிலிருந்து தென்மேற்குப் பருவமழைக் காலம். தில்லியில் ஜூன் மாதத்து நடுப்பகலில் தார் உருகும் சாலையில் நடந்து செல்பவரிடம் "கோடை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை இதுதான்: இந்தியா முழுமைக்கும் பொருந்தும் ஒரே கோடை என்று ஒன்று இல்லை. பருவமழை கேரளத்தை ஜூன் முதல் நாளையொட்டி அடைகிறது. மும்பையை 11-ஆம் நாளையொட்டி அடைகிறது. தில்லியை அடையும்போது 27-ஆம் நாள் ஆகிவிடுகிறது. வழக்கமான நாட்கள் இவை. ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் ஆகும். இந்த இடைவெளியே அந்தந்த ஊர்க் கோடையின் நீளத்தை முடிவு செய்கிறது. பெங்களூரில் ஏப்ரல்தான் வெம்மை மிகுந்த மாதம். மே மாதத்து இடிமழை அதனைத் தணித்துவிடுகிறது. கொல்கத்தாவில் பைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில், மாலை நேரத்தில் வடமேற்கிலிருந்து கரும்புயல் ஒன்று சீறி வரும். 'கால்பைசாகி' என்பர்; பைசாகம் கொண்டுவரும் கேடு என்பது பொருள். கூரைகளைப் பிய்த்தாலும் வெம்மையைத் தணித்துவிட்டே அது போகும். மும்பையிலோ மழை முடிந்த அக்டோபரில் இரண்டாம் முறையாக ஒரு வெம்மை வந்து போகும். வட இந்தியச் சமவெளியில் மே மாதக் கடைசியில் 'நௌதபா' என்று ஒன்பது நாட்களைக் குறிப்பர். சூரியன் ரோகிணியில் புகும் நாளிலிருந்து எண்ணுவது அது. தெற்கே கத்திரி முடியும் தறுவாயில் வடக்கே நௌதபா தொடங்குகிறது.

இதனால் நம் வீடுகளில் விளையும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. தில்லியிலுள்ள பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் முடிய விடுமுறை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கிப் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் விடுமுறை முடிந்துவிடும். நம் குழந்தைகள் இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து பாட்டி வீட்டை அடைந்து, அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத் தொடங்கும்போது, அப்பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிடுகின்றனர். ஸ்ரீநகரில் பணிபுரியும் தமிழருக்கு இடர் இதனினும் மிகுதி. அங்கே நீண்ட விடுமுறை என்பது பனிக்காலத்து விடுமுறையே. "கோடை விடுமுறைக்கு வருகிறோம்" என்று கடிதம் எழுதுகிறவரும் அதனைப் படிக்கிறவரும் அச்சொல்லுக்கு வெவ்வேறு நாட்களைப் பொருளாகக் கொள்கின்றனர். உறவினர் ஒன்றுகூடும் நாட்கள் ஆண்டில் இரண்டு வாரமாகச் சுருங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலம் ஊருக்கு ஊர் வேறுபடுவது போலவே வெம்மையின் தன்மையும் வேறுபடுகிறது. இதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. நேராக மேலே விழும் சூரிய ஒளியின் சூடு வெயில். சுவரிலும் தரையிலும் ஊறி, கதிரவன் மறைந்த பிறகும் நம்மேல் எறிவது வெக்கை. நெருப்பை அண்டி வருவது போன்ற காற்று அனல். காற்றில் நீராவி மிகுந்து, வியர்வை உலராமல் உடம்பில் நின்றுவிடும்போது உண்டாவது புழுக்கம். புழுங்கலரிசி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நீரிலும் ஆவியிலும் அவிந்த நெல்லிலிருந்து வருவது அது. மும்பையிலும் சென்னையிலும் நாம் அவிகிறோம், அது புழுக்கம். மே மாதத்துத் தில்லியில் நாம் வறுபடுகிறோம். அது அனலும் வெக்கையும். தில்லிக் கடைத்தெருவில் விற்கும் நீர்க்குளிர்ப்பான், வறண்ட காற்று இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். மழை வந்து புழுக்கம் சூழ்ந்ததும் அது பயனற்றுப் போகும். நீர் ஆவியாக மாறும்போதே குளிர்ச்சி பிறக்கிறது; காற்றில் ஏற்கெனவே ஆவி நிறைந்திருந்தால் நீர் ஆவியாக மறுக்கிறது. நம் உடம்பின் வியர்வைக்கும் இதே விதிதான். ஆகவே அனல், புழுக்கம் என்ற வேறுபாடு வெறும் சொல்லழகு அன்று. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இயலுமா இயலாதா என்பதைக் கூறும் வேறுபாடு. 'வெப்பம்' என்ற ஒரு சொல்லால் இவையனைத்தையும் மூடிவிட்டால் அந்த அறிவு மறைந்துபோகிறது.

இப்பொழுது 'லூ' என்னும் காற்றுக்கு வருவோம். மே, ஜூன் மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் நண்பகலுக்குப் பின் மேற்கிலிருந்து ஒரு காற்று வீசுகிறது. தார்ப் பாலைவனத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, பஞ்சாப், ஹரியானா, தில்லி, உத்தரப்பிரதேசம் எங்கும் பரவுகிறது. இந்நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை இராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் காணப்பட்ட 51 டிகிரி செல்சியஸ். அத்தகைய நிலத்திலிருந்து வரும் காற்று எத்தகையதாக இருக்கும் என்று கூற வேண்டியதில்லை. இந்தியில் 'லூ' என்பது காற்றுக்குப் பெயர். அக்காற்றுத் தாக்கி ஒருவர் நோயுறுவதையும் 'லூ பட்டது' என்ற பொருளில் சொல்வர். அதிலிருந்து தப்ப, மாங்காயைச் சுட்டுப் பிழிந்து 'ஆம் பன்னா' பருகுவர். முன்னாளில் வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னல்களில் தொங்கவிட்டு நீர் தெளித்து வைப்பர். அந்த வேரை இந்தியில் 'கஸ்' என்பர். மேலைநாட்டார் தம் மொழிகளில் வழங்கும் பெயரோ நம் வெட்டிவேர் என்ற சொல்லிலிருந்தே சென்றது.

தில்லியில் வளரும் நம் குழந்தைகள் "லூ அடிக்கிறது" என்றே சொல்கின்றனர். அதில் குற்றம் இல்லை. ஊர்ச்சொல்லை ஊரார்போல் வழங்குவது நல்லதே. ஆனால் "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று குழந்தை கேட்டால், "தமிழில் அதற்குச் சொல் கிடையாது, நம் ஊரில் அந்தக் காற்று இல்லை" என்று விடை சொல்கிறோம். அங்கேதான் நான் மறுக்கிறேன். மேற்கிலிருந்து வருவது, வறண்டது, வெப்பமானது, வேனிலில் வீசுவது. இந்நான்கு இலக்கணங்களும் பொருந்திய சொல் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. கோடை என்பதே அது. காலத்துக்கும் இதுவே பெயராகிவிட்டமையால் மயக்கம் வரும் என்று கருதினால், கோடைக்காற்று என்று சொல்லலாம். சொந்த நாட்டில் பொருள் மங்கிப்போன ஒரு சொல், வந்து குடியேறிய நாட்டில் தன் முதற்பொருளை அப்படியே கண்டுகொள்வது வியப்பன்றோ!

சொல் ஒன்றைப் பற்றி இவ்வளவு வலியுறுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு என் தொழிலே சான்று. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் வெப்பம் பற்றிய எச்சரிக்கைகள் மொழிபெயர்ப்புக்கு வரும். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியையாவது எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடினால் வானிலைத் துறையினர் அதனை ஆங்கிலத்தில் அலை என்ற உருவகத்தால் குறிப்பர். கடற்கரைப் பகுதிக்கு 37 டிகிரியும், மலைப்பகுதிக்கு 30 டிகிரியும் எல்லை. தமிழில் 'வெப்ப அலை' என்று அது நிலைபெற்றுவிட்டது. செய்தித்தாள் படிப்பவருக்கு அது விளங்கும். ஆனால் எச்சரிக்கை யாருக்காக எழுதப்படுகிறது? கட்டட வேலைக்கு வந்த விழுப்புரத்துத் தொழிலாளிக்காக. நடைபாதையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மையாருக்காக. சரக்கு வண்டி ஓட்டிவந்த நாமக்கல் ஓட்டுநருக்காக. அலை என்றால் அவர்களுக்குக் கடலும் ஈரமும் அல்லவா நினைவுக்கு வரும்? "அனற்காற்று வீசும், பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெளியில் வேலை செய்யாதீர், தாகம் எடுக்காவிட்டாலும் நீர் பருகுவீர், ஒருவருக்கு உடம்பு கொதித்து நினைவு தடுமாறினால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நீரால் நனைத்து, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வீர்" என்று எழுதினால் பொருள் விளங்காமல் போகாது. கலைச்சொல்லை நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கலைச்சொல்லோடு வாழும் சொல்லும் சேர்ந்து வர வேண்டும் என்பதே.

இதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாதில் கடும் வெப்பம் நிலவியபோது, அம்மாதத்துக்கு இயல்பான எண்ணிக்கையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். அந்நகரத்தில் ஆலைத் தொழிலுக்காகச் சென்று தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அதன் பிறகு 2013-இல் அந்நகராட்சி வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்கு ஆசியாவிலேயே அத்தகைய முதல் திட்டம் அது. முன்கூட்டியே எச்சரித்தல், மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்தல், தண்ணீர்ப் பந்தல்களையும் நிழலிடங்களையும் அமைத்தல் ஆகியவற்றோடு, மக்களுக்கு அவர்கள் அறிந்த முறையில் செய்தியைக் கொண்டுசேர்த்தலும் அதன் ஒரு கூறு. கேட்டும் விளங்காத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

நிறைவாக ஒன்று கூறுவேன். பழந்தமிழ்ப் புலவர் வேனிலையும் நண்பகலையும் பாலைத்திணைக்கு உரிய பொழுதுகளாக வகுத்தனர். பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடும் பொருட்டு ஒருவன் வீட்டை விட்டு, வெம்மை சூழ்ந்த வழியைக் கடந்து, வேங்கடத்துக்கு அப்பால் மொழி வேறாகும் நாட்டுக்குச் செல்கிறான். மாமூலனார் இத்தகைய பயணத்தைப் பல பாடல்களில் பாடியிருக்கிறார். மொழி மாறும் நாட்டை மொழி பெயரும் நாடு என்றே அவர்கள் கருதினர். இன்று என் போன்றோர் செய்யும் தொழிலுக்குப் பெயராகிவிட்ட சொல்லும் அதுவே. ஊரை விட்டுப் பெயர்ந்து வந்த நம் அனைவரையும் அவர்கள் அன்றே அறிந்திருந்தனர் போலும். வீட்டில் இருப்பவள் வழியின் வெம்மையை நினைந்து வருந்துகிறாள். செல்பவனோ வெம்மையைப் பொறுத்துக்கொண்டு நடக்கிறான். இன்று வழியில் நடப்பதில்லை, ரயிலில் வருகிறோம். ஆயினும் மே மாதத்தில் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் அன்னையார் முதலில் கேட்பது, "அங்கே வெயில் எப்படி இருக்கிறது?" என்றுதானே?

அவருக்கு விடை கூறும்போது சொற்களைச் சரியாக ஆள்வோம். மும்பையில் இருப்பவர் புழுக்கம் என்று சொல்லட்டும். நாகபுரியில் இருப்பவர் வெக்கை என்று சொல்லட்டும். தில்லியில் இருப்பவர் கோடைக்காற்று வீசுகிறது என்று சொல்லட்டும். குழந்தைகள் அருகிலிருந்து கேட்கும்படி சொல்லட்டும். அவர்கள் லூ என்ற சொல்லையும் கற்கட்டும், கோடை என்ற சொல்லையும் கற்கட்டும். இரண்டும் தம் கன்னத்தில் படும் ஒரே காற்றின் பெயர்கள் என்று அறியட்டும். வாழும் ஊரின் காற்றுக்குத் தன் மொழியில் பெயர் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, அம்மொழி பாட்டி வீட்டில் விட்டுவந்த பொருளாகத் தோன்றாது.